கொக்குப் பாட்டும் கள்ளுக்கடையும்

சூலூர்ப் பெரிய குளத்தில் தண்ணீர் நின்ற காலங்களில், கரையோரத்து வயலில் கொக்குகள் வந்து இறங்கும். என் தந்தையார் வரப்பில் நின்று கையைத் தட்டி அவற்றை விரட்டும்போது ஒரு பாட்டை முனகுவார். முழுப் பாட்டையும் அவர் பாடி நான் கேட்டதில்லை. இரண்டு அடி வரும், பிறகு சொல்லில்லாத இராகம் மட்டும் வரும். கொக்கை விரட்டுவதற்கு ஒரு பாட்டு எதற்கு என்று சிறுவயதில் கேட்டேன். “இது பறக்கிற கொக்கில்லை, கப்பலேறிப் போன கொக்கு” என்றார். பொருள் விளங்கச் சில ஆண்டுகள் ஆயின.

தினைப்புனம் காக்கும் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டுவது வள்ளி திருமண நாடகத்தின் புகழ்பெற்ற கட்டம். அந்தக் கட்டத்துக்குள் வெள்ளைக் கொக்கு என்ற ஒரு சொல்லை நுழைத்து, வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டாக அதை மாற்றிவிட்டார்கள் அன்றைய நாடகக்காரர்கள். கொட்டகையின் கடைசி வரிசையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருக்கும் காவலருக்கும் அது புரியும். ஆனால் பறவையை விரட்டுவது குற்றம் என்று எழுதுவது அவ்வளவு எளிதன்று. இப்பாட்டால் தமிழகம் முழுவதும் அறியப்பட்டவர் சிவகாசியில் 1886-இல் பிறந்த எஸ். எஸ். விசுவநாததாஸ். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு மேடையேற மறுத்த கலைஞர்கள் இருந்தார்கள். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்தது. என் தந்தையார் இளைஞராக இருந்தபோது கோவையில் அவருடைய நாடகத்தைப் பார்த்திருக்கிறார். அது தவக்காலமாம். ஒறுத்தல் நாள்களில், அதுவும் முருகன் நாடகம் பார்த்ததற்காகப் பாட்டியாரிடம் வாங்கிய ஏச்சைப் பாட்டைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்.

தந்தையார் மறைந்து பல ஆண்டுகளான பின்பு அந்த முனகல் மறுபடியும் என் காதில் விழக் காரணம் அயர்லாந்து. என் மகள் டப்ளின் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அங்கே மருத்துவமனையில் அவள் பராமரித்த ஒரு முதியவர் இரவெல்லாம் பழைய பாட்டுகளைப் பாடுவாராம். சில பாட்டுகள் தூக்குமரம் ஏறிய வீரர்களைப் பற்றியவை. சில மதுக்கடையைப் பற்றியவை. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே மெட்டில் கூட, பாடுகிறார் என்று வியந்து, அவற்றின் பழைய பதிவுகள் சிலவற்றைத் தேடி எனக்கு அனுப்பினாள். கேட்கக் கேட்க எனக்குள் ஒரு பொறாமை எழுந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்களுடையது கிடைக்கிறது. நம்முடையது எங்கே?

அப்பாடல்களுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1798-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றி 1845-இல் எழுதப்பட்ட ‘குரோப்பி பாய்’ என்னும் பாட்டு அது. கிளர்ச்சிக்காரர்கள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்ததால் அவர்களுக்கு அப்பெயர். போருக்குப் போகும் ஓர் இளைஞன் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு குருவின் வீட்டுக்கு வருகிறான். தந்தையும் உடன்பிறந்தாரும் போரில் மாண்டுவிட்டனர். குடும்பத்தில் எஞ்சியவன் அவன் ஒருவனே. முழந்தாளிட்டுத் தன் பாவங்களைச் சொல்கிறான். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு மூன்று முறை சபித்துப் பேசியது, ஒருநாள் கல்லறைத் தோட்டத்தைக் கடந்தபோது தாயின் ஆன்மாவுக்காகச் செபிக்க மறந்தது போன்றவையே அவனுடைய பாவங்கள். யாரையும் தான் வெறுக்கவில்லை, ஆனால் தன் நாட்டை மன்னனுக்கும் மேலாக நேசிக்கிறேன் என்கிறான். இருக்கையில் அமர்ந்திருந்தவர் எழுகிறார். அங்கியின் உள்ளே இருந்தது குருவன்று, அரசின் படைத் தலைவன். இளைஞன் தூக்கிலிடப்படுகிறான்.

திருவருட்சாதனத்தின் மறைபொருளை அறிந்த நமக்கு இப்பாட்டு எவ்வளவு ஆழமாகத் தைக்கும்! இதில் ஆங்கில ஆட்சி ஒழிக என்ற முழக்கம் ஒன்றுகூட இல்லை. ஒரு மனிதன், ஓர் அறை, ஒரு துரோகம், அவ்வளவுதான். ஜேம்ஸ் ஜாய்ஸ் தம் ‘யுலிசிஸ்’ நாவலில் இப்பாட்டை ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் பாட வைத்தார். கோயிலில் பாட முடியாத, மேடையில் பாட அஞ்சிய பாட்டுகளுக்கு அயர்லாந்தில் மதுக்கூடமே அடைக்கலம். 1920 நவம்பர் முதல் நாள் தூக்கிலிடப்பட்ட பதினெட்டு வயது மருத்துவ மாணவர் கெவின் பேரியின் பாட்டும் அவ்வாறே வளர்ந்தது. பின்னர் அமெரிக்காவுக்குக் குடியேறிய கிளான்சி சகோதரர்கள் 1956-இல் ‘டிரெடிஷன்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது, எழுச்சிப் பாடல்களுக்கு ஒரு தட்டு வெளியிட்டனர். 1959-இல் குடிப்பாடல்களுக்கென்றே ஒரு தட்டு வெளியிட்டனர். 1987-இல் டப்ளினில் அயர்லாந்து மரபிசை ஆவணக் காப்பகம் அமைந்தது. இன்று தேடுபவர் யாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்முடைய விடுதலைப் பாடல்களை அச்சுப் புத்தகங்களில் படித்துவிட்டு, “இவற்றில் கவிதை எங்கே இருக்கிறது?” என்று உதட்டைப் பிதுக்குவது நம் விமரிசகர்கள் பலருக்கு வழக்கம். பாரதியார் ஒருவரை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவரை எல்லாம் ‘நாடகப் பாட்டுக்காரர்’ என்ற ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். நாடகப் பாடல்கள் எழுதிக் குவித்த மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) அந்தக் கூடையில் அடிபட்டவர்களுள் முதல்வர். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதா’ஸில், கதைக்குத் துளியும் தொடர்பில்லாமல், இராட்டையைக் காந்தியின் ஆயுதமாகப் புகழும் அவருடைய பாட்டை டி. பி. ராஜலட்சுமி பாடினார். காளிதாசன் காலத்தில் காந்தி எங்கே வந்தார் என்று மக்கள் கேட்கவில்லை. கேட்க வந்ததே அதைத்தான்.

விமரிசகர்களின் குற்றச்சாட்டில் பாதி உண்மை. ஐரிஷ் பாட்டு கதை சொல்கிறது. நம் நாடகப் பாட்டு துதி பாடுகிறது. தலைவர்களின் பெயர்களை அடுக்குகிறது, கதர் உடுத்தச் சொல்கிறது, வணங்குகிறது. இறைவனைப் பாடிப் பழகிய கீர்த்தனை வடிவத்தில் இறைவன் இருந்த இடத்தில் தலைவரை அமர்த்தியதன் விளைவு இது. திருப்பூர்க் குமரன் 1932 ஜனவரியில் தடியடிபட்டு மாண்டார். சூலூர் விமானதளம் 1942 ஆகஸ்டில் தீக்கிரையானது; சுற்று வட்டாரத்து ஊர்கள் அதற்குப் பெரும் விலை கொடுத்தன. அந்த இரவைப் பற்றி, அடுத்த நாள் காவலர் வந்து கதவைத் தட்டியதைப் பற்றி, ‘குரோப்பி பாய்’ போல ஒரு கதைப் பாட்டை என் இளமையில் எங்கள் ஊரில் எவர் வாயிலும் நான் கேட்டதில்லை. கொலைச் சிந்துகளைக் காலணாப் புத்தகமாக்கிச் சந்தையில் பாடி விற்ற நாடுதான் இது. அண்ணன்மார் கதையை இரவுக்கு இரவு உடுக்கடித்துப் பாடும் கொங்கு நாடுதான் இது. கதை சொல்லத் தெரியாதவர்கள் அல்லர் நாம். ஆனாலும் விடுதலைப் பாட்டென்று வந்தவுடன் கைகூப்பிவிட்டோம்.

குற்றச்சாட்டின் மற்றப் பாதி பொய். அது பொய் என்று காட்டக்கூடியவை இசைத்தட்டுகள் மட்டுமே. அதனால்தான் அவற்றைத் தேடுவது வெறும் பொழுதுபோக்கு அன்று என்கிறேன்.

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-இல் காவிரிக் கரையில் பிறந்தவர். வறுமையில் ரயிலில் பாடிய சிறுமி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும் என்று பழக்கப்பட்ட குரல் அவருடையது. 1927-இல் எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலை உடுத்தி மேடையைத் துறந்தவரைப் பொதுவாழ்வுக்கு மீட்டவர்களுள் தீரர் சத்தியமூர்த்தி முக்கியமானவர். 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். தலைவர்கள் பேசுவதற்குமுன் கூட்டத்தைச் சேர்த்தது அந்தக் குரல்தான் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

காந்தியடிகளைப் பரம ஏழைத் துறவி என்று வருணித்து அவர் தட்டில் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதன் சொற்களைத் தாளில் எழுதிப் பாருங்கள்: பள்ளிக்கூடத்துக் கட்டுரை போலத்தான் இருக்கும். அதையே அவர் குரலில் கேளுங்கள். ‘ஏழை’ என்ற சொல்லை அவர் பாடும்போது அது காந்திக்குரிய அடைமொழியாக நிற்பதில்லை. பாடுகிறவரையும் கேட்கிறவரையும் அச்சொல் ஒன்றாக உட்கார வைத்துவிடுகிறது. வேல் பிடித்த முருகனுக்கு உயர்த்திய அதே மேல்சுருதியை, கோலூன்றிய ஒரு கிழவருக்கு உயர்த்துகிறார். துதிப் பாட்டின் பலவீனம் என்று நான் மேலே சொன்னதே இங்கே பலமாகிவிடுகிறது. அரசனுக்கும் தெய்வத்துக்கும் மட்டும் உரியதாக இருந்த ஒரு வடிவத்தை அரையாடைக்காரர் ஒருவருக்குக் கொடுப்பது, அன்றைய அரசியலில், எந்த முழக்கத்துக்கும் குறைந்த கலகமன்று. இதை அச்சு காட்டாது. பாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது, சமையற் குறிப்பைப் படித்துவிட்டு உப்புக் குறைவு என்று சொல்வதைப் போன்றது.

இந்த உண்மையை முதலில் உரக்கச் சொன்னவர் கொங்குநாட்டுத் தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்துக்கொண்டே நாடகம், திரைப்படம், இசைத்தட்டு ஆகியவற்றின் வழியாகத் தேசியம் பரவிய வரலாற்றை ஆராய்ந்து 1981-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். படித்தவர்கள் கீழாக நினைத்த ஒரு துறைக்குள் சான்றுகளோடு நுழைந்த நூல் அது.

இசைத்தட்டுகளின் கதையில் நகைப்புக்கிடமான ஒன்றும் உண்டு. தட்டு வெளியிட்ட பெருநிறுவனங்களுள் தலையாயது ஆங்கிலேயருடையது. நாய் குழாயில் காது கொடுத்துக் கேட்கும் படம் அதன் முத்திரை. ஓடியன் தட்டுகள் ஜெர்மானிய நிறுவனத்தைச் சேர்ந்தவை. காந்தியைப் பாடினால் விற்கும் என்று தெரிந்தவுடன் வெள்ளைக் கொக்கே வெள்ளைக் கொக்குப் பாட்டை விற்கவும் தயங்கவில்லை. அரசு ஒரு கையால் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. பாரதியார் பாடல்களே 1928-இல் பறிமுதலுக்கு உள்ளாயின. மறு கையால் வணிகம் நடந்தது. வணிகத்தை இகழ வேண்டாம். அந்த வணிகம் இல்லாவிட்டால் சுந்தராம்பாளின் இளமைக் குரல் நமக்கு ஏது? 1921-இல் மறைந்த பாரதியாரின் குரல் எத்தட்டிலும் ஏறவில்லை. அவர் தம் பாடல்களைப் பாடிய விதத்தைக் கேட்டவர்களின் நினைவிலிருந்து ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் வணிகம் தன் கணக்கையும் பார்த்தது. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு நகை வணிகரின் கைக்குப் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்காக டி. கே. எஸ். சகோதரர்களோடு வழக்கு மூண்டது. 1949-இல் அரசு பாரதி எழுத்துகளை ஏற்றுக்கொண்டபோது மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். நாட்டு விடுதலையைப் பாடிய பாட்டுக்கே விடுதலை கிடைக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். மேடையில் கால் மணி நேரம் விரியும் பாட்டை அதற்குள் மடக்க வேண்டும். தொகையறாவை வெட்டினார்கள், சபையோர் ‘மறுமுறை’ கேட்டுக் கூச்சலிடும் இடம் இல்லாமல் போயிற்று, நடிகர் சமயத்துக்கேற்பச் சேர்க்கும் அன்றைய செய்தியும் இல்லாமல் போயிற்று. அரக்கால் ஆன தட்டு கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். எஃகு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு நூலளவு குரலைச் சுரண்டிக்கொண்டு போகும். ஆகவே எந்தத் தட்டை மக்கள் மிகவும் நேசித்தார்களோ அந்தத் தட்டே இன்று கேட்க முடியாததாக இருக்கிறது. விற்காத தட்டுகள் பளபளப்பாகக் கிடைக்கின்றன.

இங்கே நான் தயங்கித் தயங்கிச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அயர்லாந்தில் கலகப் பாட்டும் குடிப்பாட்டும் ஒரே மேசையில் அமர்ந்தன. நம் கொங்கு நாட்டிலோ கலகப் பாட்டு கள்ளுக்கடை வாசலில் நின்று, கடையை மூடு என்றது. 1921-இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்றார்கள், ஈ. வெ. ராமசாமி தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழை நடத்தினார். 1937 அக்டோபர் முதல் நாள் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1930-இல் வேதாரணியத்துக்கு நடந்த தொண்டர்களுக்கு நடைப்பாட்டு எழுதிக்கொடுத்த நாமக்கல் கவிஞரும் இந்த மண்ணின் பிள்ளைதான். அயர்லாந்திலும் மது எதிர்ப்பு இல்லாமலில்லை. கப்புச்சின் துறவி தியோபால்ட் மேத்யூ 1838 முதல் இலட்சக்கணக்கானோரை மது தொடுவதில்லை என்று உறுதியெடுக்க வைத்தார். ஆயினும் அங்கே பாட்டு மதுக்கூடத்தை விட்டு வெளியேறவில்லை. இங்கே வெளியேறிவிட்டது.

மதுவிலக்கைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. என் பெரியப்பா குடித்தே நாற்பது வயதில் இறந்தவர். பெரியம்மா நான்கு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த மாலைப்பொழுது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அதே பெரியப்பா, பனங்காட்டுக் கள்ளுக்கடையிலிருந்து வரும்போது பாடிக்கொண்டு வருவார். மரமேறிகளின் பாட்டு, வண்டிக்காரர் பாட்டு, ஊர்ப் பண்ணையாரை எள்ளிய பாட்டு. அவற்றில் எந்தத் தலைவரின் துதியும் இல்லை; ஒரு மனிதன், ஓர் இடம், ஒரு வம்பு இருந்தன. நம் விடுதலைப் பாட்டில் எதைக் காணோம் என்று மேலே புலம்பினேனோ அது அங்கே இருந்தது. நல்லவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை; தட்டுக் கம்பெனியும் போகவில்லை. 1965-இல் கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் அம்மையார் காங்கயம் பகுதியில் ஒலிநாடாவோடு உட்கார்ந்து அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தார். அதனால் அது நூலாகவும் நிலைத்தது. கள்ளுக்கடைத் திண்ணையில் அப்படி ஒருவர் ஒலிநாடாவோடு உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1987-இல் கள்ளும் தடைசெய்யப்பட்டது. இன்று அரசுக் கடைகளில் மது தாராளமாக ஓடுகிறது. அங்கே எவரும் பாடுவதில்லை.

நம் கலகப் பாட்டு மறியல் செய்யும்போது கடைக்குள் இருந்த பாட்டுக்காரனை ஒரு பாவியாக மட்டுமே பார்த்தது என்பது என் கருத்து. பாவியின் குரலிலும் நாடு பேசும் என்பதை அயர்லாந்து அறிந்திருந்தது. அன்பர்கள் சிலர் இதை மறுக்கக்கூடும். மறுப்பவர்கள் பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுக்கட்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடகப் பாட்டுப் புத்தகங்கள் கிடைக்கின்றன, தட்டுகளும் உள்ளன. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுதும் சேர்த்த செல்வம் அது. முன்பு சென்னை மூர் மார்க்கெட்டில் தட்டுகள் குவியலாகக் கிடைக்கும். 1985-இல் அது எரிந்தபோது எத்தனை குரல்கள் உருகின என்பதற்குக் கணக்கில்லை.

கொக்குப் பாட்டைத் தேடி நான் அலைந்த அலைச்சலை நீட்டி முழக்கப் போவதில்லை. அவிநாசிப் பக்கம் ஒரு வீட்டில் நாற்பது தட்டுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தானியப் பானைகளுக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். கம்பு தின்ன வந்த எலி, தட்டின் ஓரத்தையும் விட்டுவைக்கவில்லை. உக்கடத்தில் பழைய பொருள்கள் விற்கும் ஒரு கடைக்காரர், “இதையெல்லாம் ஆருங்க இப்பக் கேக்கறாங்க? எடைக்குத்தானுங்க போகுது” என்று சொல்லி ஒரு சாக்கைக் கவிழ்த்தார். மேல்தட்டுகள் எல்லாம் விரிசல். அடியிலிருந்த ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. ஒட்டியிருந்த தாள் தேய்ந்து, பாடியவர் பெயர் போய், ‘நகைச்சுவை’ என்ற சொல்லில் பாதி நின்றது. நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

நண்பர் ஒருவரின் வீட்டில் சாவி கொடுக்கும் பெட்டி இன்னும் ஓடுகிறது. தட்டைப் போட்டோம். முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதுபோல ஓசை. பிறகு ஆர்மோனியம். நாடகத்துப் பபூன் குடிகாரனாக வந்து, மறியல்காரப் பெண்ணிடம் கெஞ்சுகிறான், அவள் திட்டுகிறாள், அவன் மறுபடியும் கெஞ்சுகிறான். கடைசியில் திருந்துவதாகச் சத்தியம் செய்கிறான். நண்பரின் துணைவியார் சமையலறையிலிருந்து வந்து நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். திருந்துவதற்குமுன் அவன் பாடும் இரண்டு அடிகளில், கேலிக்காகச் சேர்த்த ஒரு பழைய மெட்டு ஓடியது. அது பெரியப்பா பனங்காட்டு வழியில் பாடிக்கொண்டு வந்த மெட்டு. அவனை முட்டாளாக்குவதற்காக அதைச் சேர்த்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும், நன்றாகவே பாடியிருந்தார். மூன்று முறை கேட்டோம். மூன்றாம் முறை மெட்டு வந்த இடத்தில் ஊசி துள்ளியது.

மறுபக்கத்தைப் போட்டுப் பார்க்கவில்லை. இருந்த ஊசி அத்தோடு தேய்ந்துவிட்டது. தேய்ந்த ஊசியைப் போட்டுத் தட்டைக் கெடுக்க வேண்டாம் என்று நண்பர் தடுத்துவிட்டார். ஈரோட்டில் ஒருவரிடம் பழைய ஊசிப் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை போகிறேன்.